ராத்திரித் தண்ணீர்

அம்பத்தூர்,
24-6-1973, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வசந்தா எழுதுவது. இங்கே நாங்களும் குழந்தையும் நலம். கரக்பூரில் நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணிக்கு முதுகுவலி விட்டதா? குழந்தைக்கு நாலு பல் வந்துவிட்டது. கடிக்கிறாள்.

நைனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வாய்க்காலில் விழுந்துவிட்டார். பயப்படாதே, எலும்பு முறியவில்லை. இடது கணுக்கால் வீங்கியிருக்கிறது, முழங்கையில் சிராய்ப்பு. திருநின்றவூர் டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். நேற்று கம்பெனி விடுமுறை என்று வேப்பம்பட்டுக்குப் போனேன். கட்டுக்காலை நீட்டிக்கொண்டு மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். உனக்கு எழுதக் கூடாது என்றார். எழுதுகிறேன்.

இந்த வயதில் ராத்திரியில் ஏன் போனார் என்று கேட்பாய். காரணம் நான்தான்.

தை மாதத்திலிருந்தே இங்கே மின்வெட்டு. ரேடியோவுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் எங்கள் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் மெஷின் ஓடாது. ஏப்ரலில் நாற்பது பெண்களில் பதினெட்டுப் பேரை நிறுத்துவதாகப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயரும் இருந்தது. உனக்கு அப்போது எழுதவில்லை, வீணாகக் கவலைப்படுவாய் என்று.

இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட் முதலாளிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் சண்முகசுந்தரம் மூன்று முறை கோட்டைக்குப் போய் மனுக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது முறை எங்களில் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றினார். வேலைக்குக் கட்டும் புடவையோடு வரவேண்டும், நகை கூடாது, கைக்குழந்தை இருந்தால் எடுத்து வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “நாங்க பேசினா லாபத்துக்குப் பேசறோம்பாங்க. நீங்க சும்மா போய் நின்னாலே போதும்மா” என்றார். பக்கத்து மெஷின் சாமுண்டீஸ்வரி என் காதில், “பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்கம்மா இவ்ளோ சொல்லலடி, இன்னா கட்டணும் இன்னா கட்டக் கூடாதுன்னு” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தையோடு ஏறினேன்.

கோட்டையில் எங்களைப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர். குழந்தைக்கு வியர்க்கிறது என்று ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இருக்கிற கரண்டு இவ்வளவுதான் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பகலில் உங்களுக்குக் கூட்டிக் கொடுத்தால் பம்புசெட்டுகளுக்குப் பகலில் கொடுக்க முடியாது, விவசாயிகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். சண்முகசுந்தரம் அந்தத் தாளையே பார்த்தார். எனக்குத் தெரிந்த விஷயம் ஆயிற்றே என்று, யாரும் கேட்காமலே நான் பேசினேன். எங்கள் அப்பா வேப்பம்பட்டில் பயிர் வைக்கிறவர், கோடையில் ராத்திரியில்தான் பாய்ச்சுவோம், வெயில் குடிக்காது, பாதித் தண்ணீரில் வேலை முடிந்துவிடும், விடிவதற்குள் என் அண்ணன் ஒரு காணி நிலத்தையும் நனைத்துவிட்டு வந்து படுப்பான் என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். “விவசாயி மகளே சொல்லுது பாருங்க” என்று சண்முகசுந்தரம் இரண்டு முறை சொன்னார். திரும்பும்போது வேனில் எனக்கு முன் சீட் கொடுத்தார்கள்.

நீ ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது அண்ணா. அந்த அறையில் அது என் நினைவுக்கு வரவே இல்லை.

மே கடைசியில் உத்தரவு வந்தது. கம்பெனிகளுக்கு இனி வாரத்தில் ஒரு நாள்தான் வெட்டு. நம் பக்கத்துப் பம்புசெட்டுகளுக்கு ராத்திரி பதினொன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் கரண்டு. கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பட்டியலைக் கிழித்துப் போட்டார்கள். பம்புசெட் விஷயத்தையும் அன்றே கேள்விப்பட்டேன். நைனாவுக்குப் பழக்கம்தானே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. லாந்தரைத் தூக்கினால் வெளிச்சம் பூவாகப் பூத்துக் கண்ணை மறைக்கிறதாம், வரப்பைக் காலால் தடவிக்கொண்டு போகிறாராம். கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. எல்லாக் கொல்லைப் பம்புக்கும் ஒரே நேரத்தில் கரண்டு வந்தால் யார் யாருக்குப் போவார்கள்? சொர்ணவாரிப் போக நெல் பொதி கட்டி, கதிர் தள்ளும் நேரத்தில் நிற்கிறது. இந்த இருபது நாள் தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் பதர்.

புதன்கிழமையிலிருந்து உன் மாப்பிள்ளைதான் ஷிஃப்ட் முடிந்ததும் ரயிலேறிப் போகிறார். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, மண்வெட்டியைப் பேனா மாதிரி பிடிக்கிறார். நைனா அவரைத் தனியாக விடாமல் நொண்டிக்கொண்டே கூடப் போய், “மாப்ளே, அது மட இல்ல, பக்கத்தூட்டுக்காரன் வரப்பு! அத்த வெட்டாதே!” என்று சத்தம் போடுகிறாராம். இதைச் சொல்லி இரண்டு பேருமே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நேற்று நான் இருக்கும்போதே விவசாயிகள் சங்கத்து வரதன் வந்தார். வருகிற வியாழக்கிழமை அவர்களும் கோட்டைக்குப் போகிறார்கள், மனு எழுத ஆள் வேண்டும் என்றார். நைனா, “இன்னாத்துக்கு ஊரெல்லாம் தேடறே? எம் பொண்ணு எழுதும், முத்து முத்தா எழுதும்” என்று என்னைக் காட்டினார். வரதன் அவர் காலைப் பார்த்துவிட்டு, “பெருசு, வியாழக்கிழம வரிக்கும் கட்ட அவுத்துடாதே. நீ முன்னாடி நொண்டிக்கினு வந்தாலே போதும், நாங்க பேசவே வேணாம்” என்றார். எனக்குச் சண்முகசுந்தரத்தின் குரல் கேட்டது. எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

வரதன் போனதும் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன் சீட்டில் உட்கார்ந்து வந்ததையும் மறைக்கவில்லை. “இது ஆபீசர் யோசன இல்ல, சேத்துல கால் வச்சவன் எவனோ சொல்லிக் குடுத்துக்கிறான்” என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர், நறுக்கின புல்லைக் கூடையில் வாரிப் போட்டார். பிறகு, “நீ சொன்னது பொய்யி இல்லியேம்மா. அவன் இருந்தான், பாச்சினான்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

மனுவில் என் பெயரைப் போடக் கூடாது, கோட்டைப் பக்கமே வரக் கூடாது என்கிறார். “உம் மூஞ்சி அவுங்களுக்குத் தெரியும். வேல பூடும். நெல்லு போனா அடுத்த போகம் வரும்.”

மனுவை நேற்றே எழுதி முடித்தேன். பகலில் ஆறு மணி நேரம் கேட்கச் சொன்னார் வரதன், அதை எழுதினேன். அது முடியாவிட்டால் காலையில் ஐந்தரையிலிருந்து எட்டு வரையும், சாயங்காலம் ஷிஃப்ட் விட்ட பிறகு இருட்டும் வரையுமாவது கொடுங்கள் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அந்த நேரத்தில் எங்கள் மெஷின்கள் ஓடுவதில்லை, அது எனக்குத் தெரியும். நைனாவின் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கடைசியில் என் பெயரைப் போட்டு, இன்னார் மகள், இன்ன கம்பெனியில் வேலை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை நானும் போகிறேன். அதே அதிகாரியிடம், அன்று நான் சொன்னது பழைய கதை, பாய்ச்சின என் அண்ணன் இப்போது இங்கே இல்லை என்று சொல்லவேண்டும். சண்முகசுந்தரத்துக்கு அன்றே தெரிந்துவிடும். காலையில் குழாயடியில் சாமுண்டீஸ்வரியிடம் சொன்னேன். எனக்கு வேலை போய்விடுமே என்று அழுவாள் என நினைத்தேன். “போய்ட்டு வா. ஆனா இந்தத் தபா பின்னாடி சீட்ல குந்துடி” என்றாள். உன் மாப்பிள்ளை, வேலை போனால் வேறு பார்க்கலாம் என்கிறார்.

ஆனால் அண்ணா, அதிகாரி ஒத்துக்கொண்டாலும் உத்தரவு வர மூன்று வாரம் ஆகும். போன முறை அவ்வளவு ஆயிற்று. நெல் அதுவரை காத்திருக்காது. நைனாவும் வீட்டில் இருக்கமாட்டார். உனக்குப் பதினைந்து நாள் லீவு கிடைக்குமா? நீ போனதை அவர் இதுவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் உன்னை வரச் சொல்லவில்லை. கரக்பூரிலிருந்து இங்கே வர எத்தனை நாள் ஆகும் என்று மட்டும், நான் கிளம்பும்போது கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார்.

அண்ணிக்கு என் அன்பு. இருவரும் நன்றாக இருக்க வேண்டும். மடையெல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது அண்ணா. உனக்கு விளக்குக்கூட வேண்டியிருக்காது.

உன் தங்கை,
வசந்தா