ரயில் பெட்டிக்குள் திரைச்சீலை

என்னங்க,

அம்மாவை அழைத்துவர சாங்கி விமான நிலையத்துக்குப் போகிறேன். மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

நீங்கள் செய்துகொண்டிருக்கும் பொம்மை ரயிலில் சன்னலுக்குச் சன்னல் திரை தொங்குகிறது. நம் படுக்கையறைக்குத் தீபாவளியிலிருந்து திரை இல்லை. “எதிர் பிளாக்ல இருந்து பாக்குறாங்க” என்றால், “இரு லா, சீட்டுக்கு அடிச்ச பெயிண்ட் காயட்டும்” என்கிறீர்கள். கடுகளவு ஆட்களுக்கு இருக்கை ஒட்டுகிற மகா நிபுணருக்கு ஒரு திரைக்கம்பி மாட்டத் துப்பில்லை.

நாங்கள் வருவதற்குள் சாப்பாட்டு மேசையிலிருந்து உங்கள் ரயில் பெட்டிகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

உமா

பி.கு. சன்னலோரம் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கும் பொம்மை நான்தான் என்று உங்கள் தம்பியிடம் சொன்னீர்களாமே! பக்கத்து இருக்கையில் உங்களை ஒட்டிவிடாதீர்கள். அந்த ரயிலிலாவது நான் நிம்மதியாகப் போகிறேன்.