ஊசியில் நூல் கோக்கிற கண்

சேசு மரி சூசை

கடியப்பட்டணம்,
1934 ஆகஸ்ட்

என் பிரிய மகன் சிலுவைக்கு அம்மை எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம், கொழும்பில் உன் சுகத்துக்குத் தேவமாதாவை மன்றாடுகிறோம். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருப்பாய், நான் சொல்லச் சொல்ல உன் பெண்சாதி முத்துக்கனிதான் எழுதுகிறாள். போன கடிதத்தை இவளுக்குத் தெரியாமல் கோயில் உபதேசியாரைக் கொண்டு எழுதி இவளைக் குறை சொன்னேன் அல்லவா, அதனால்தான் இதை இவள் கையாலேயே எழுதவேண்டும் என்று பிடிவாதமாய் உட்கார வைத்திருக்கிறேன்.

பொழுது சாய்ந்தால் ஒரு வேலை தொடமாட்டாள், சாயங்கால செபத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடி அசைந்து வருவாள், உன் அத்தை எதிரே வந்தும் பேசாமல் போனாள், அவ்வளவு திமிர் என்று எழுதினேன். கண்ணு தெரியல்ல மாமி என்று இவள் சொல்லாமல் இல்லை. பகல்ல ஊசியில நூலு கோக்குக, அந்தியானா மட்டும் கண்ணு அவிஞ்சு போகுமோ, ஆருகிட்டட்டி கத விடுக என்று கேட்டவள் நான். குழம்புச் சட்டியைத் தட்டிவிட்ட அன்று பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் கை ஓங்கினேன். உன் பதில் வந்தபோது உபதேசியார் ஊரில் இல்லை, பொறுக்கமாட்டாமல் இவளிடமே வாசிக்கக் கொடுத்தேன். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பேறுகாலத்துக்கும் நான் வரமாட்டேன் என்று நீ எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் வாசித்தாள் மக்கா. வாசித்து, மடித்து, என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பிறகு ஒரு அந்தியில் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். பதறி வண்டிபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, மாதா காப்பாற்றினாள். எப்படி விழுந்தாய் என்று டாக்டரம்மா கேட்டதும் நான் முந்திக்கொண்டு இவள் சாக்குப்போக்கையும் நூல் கோக்கிற கதையையும் சொன்னேன். பகலில் தெரிந்து இருட்டில் தெரியாததுதானம்மா ஒரு நோய்க்கு அடையாளம் என்றார் அந்த அம்மா. சன்னல்களைச் சாத்திவிட்டு இவளை நடக்கச் சொன்னார், எனக்கு ஆள்முகம் தெரிகிற மங்கலில் இவள் கையை நீட்டித் துழாவினாள், முன்னால் கிடந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். பின்பு வெளிச்சத்தில் இமையை விரித்துக் காட்டினார், வெள்ளைவிழி ஓரத்தில் காய்ந்த சவுக்கார நுரைபோல ஒரு பொட்டு. ஐயோ, அதை நான் எத்தனையோ நாள் பார்த்தவள்தான், மீன்செதிலு ஒட்டியிருக்கு, மூஞ்சியக் கழுவுட்டி என்று விரட்டியவள். மாலைக்கண்ணாம், கீரையும் ஈரலும் சேராமல் வருமாம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சூடு என்று இரண்டையும் விலக்கி வைத்தது யார், நான்தானே. மருந்துக்குத் தந்திருப்பதும் மீன் ஈரல் எண்ணெய்தான், நம் வீட்டிலோ சுறா ஈரலில் காய்ச்சிய எண்ணெயை வள்ளத்துக்குப் பூசிக்கொண்டிருந்தோம்.

மக்கா, நீ அப்படி எழுதியது என் பேச்சைக் கேட்டுத்தான், குற்றம் என்னுடையது. இந்த வரியை இவள் எழுதாமல் விட்டிருந்தாள், திரும்ப வாசிக்கச் சொன்னபோது பிடித்துவிட்டேன், எழுது என்று எழுத வைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாயிற்று, இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை, உனக்கு எழுதுகிற சாக்கில் இவள் காதில் போடுகிறேன். நீ பதிலை முத்துக்கனி பேருக்கு எழுது, பேறுகாலத்துக்கு வருகிறேன் என்று எழுது, மறந்துவிடாதே. மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் காப்பாள்.

இன்னும் சொல்ல இருக்கிறது. வெயில் இறங்கிவிட்டது, எழுத்து தெரியல்ல மாமி என்கிறாள். தெரியாதுதான் மக்கா, இந்த வரியோட வச்சிரு என்றேன்.

இப்படிக்கு உன் அம்மை
வியாகுலம்மாள், கைநாட்டாகப் போட்ட சிலுவைக் குறி