என் மகளை ஆணாக்கிய மொழிபெயர்ப்பு குறித்து

அனுப்புநர்:
கம்பளி நெய்த பெண்ணின் தாய்,
தறிக்கூடத்தின் பின் தெரு.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
கலை மற்றும் கைவினைக் கண்காட்சி அலுவலகம்.

பொருள்: ஃபின்னிஷ் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் பேச, கைவேலை தெரிந்த ஆள் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அதிகம் படிக்காதவள். படித்தவர்கள் செய்து வைத்திருக்கும் வேலையைப் பற்றி எழுத எனக்கு இந்தப் படிப்பு போதும்.

2. ஃபின்லாந்திலிருந்து வந்த டீச்சரம்மாவிடம் என் மகள் சுவரில் மாட்டும் கம்பளி நெய்யக் கற்றாள். இவள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவளுக்குத் தெரியாது. முடிச்சு தப்பினால் டீச்சரம்மா விரலில் தட்டுவார், இவள் சிரிப்பாள். கம்பளி முடிந்தது. போன மாதம் காய்ச்சலில் என் மகளும் போய்விட்டாள்.

3. பிரெஞ்சு பேசும் நடுவர்கள் வந்தபோது அவளுக்காக டீச்சரம்மாதான் எழுந்து பேசினார். நெய்த விதத்தைச் சொன்னார், அவள் பெயரையும் சாவையும் சொல்வதற்குள் அழுதுவிட்டார். நீங்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே அதைப் பிரெஞ்சில் சொன்னார். மரம் அறுக்கும் இயந்திரம் விற்கிறவர்களுக்குப் பேசிப் பழகியவராம். கோட்டு நன்றாக இருந்தது. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

4. கம்பளிக்குப் பரிசு கிடைத்தது. கீழே மாட்டிய அட்டையில் "நெய்தவர்: தறிக்கூட மேற்பார்வையாளர்" என்று இருக்கிறது. அன்று டீச்சரம்மா பக்கத்தில் நின்ற ஒரே ஆண் அவர்தான். ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. ஆனாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார். அதே அட்டையில் கம்பளியை "கால்மிதி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கால்மிதியைச் சுவரில் மாட்டுவீர்களோ என்னவோ.

5. உங்கள் குமாஸ்தாவிடம் கேட்டேன். "அந்த மொழியில ஆணுக்கும் பொண்ணுக்கும் 'ஹேன்'னு ஒரே சொல்லுதான்மா. பிரெஞ்சுல அப்படி விட முடியாது, ஏதாவது ஒண்ணப் போட்டே ஆகணும். மொழிபெயர்த்தவரு ஆம்பளைன்னு போட்டுட்டாரு. இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு?" என்றார். "ஆணா பொண்ணான்னு வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன கேடு?" என்றேன். "அதெல்லாம் அவரு வேலை இல்லம்மா" என்றார். பிறகு எதுதான் அவர் வேலை என்பதைத் தாங்களாவது தெரிவிக்கவும்.

6. கைவேலை தெரிந்து இரண்டு மொழியும் பேசுகிற ஆள் கிடைக்கவில்லை என்றும் குமாஸ்தா சொன்னார். நாற்காலியை விட்டு எழுந்து தேடினால் கிடைக்கலாம். ஒருவரே கிடைக்காவிட்டால் இரண்டு பேரை வையுங்கள்: ஒருவர் மொழிக்கு, ஒருவர் நூலுக்கு.

7. வெள்ளிக்கிழமை கம்பளி வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறது. டீச்சரம்மாவும் அன்றே ஊர் திரும்புகிறார். வண்டி அந்த அட்டையோடு கிளம்பிவிட்டால், பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது அந்த மனிதர் நெய்தது. ஆகையால் அதற்கு முன் தகுந்த ஆளை வைத்து டீச்சரம்மாவை மறுபடி பேசவிட்டு, நடுவர்களுக்குத் தெரிவித்து, அட்டையை மாற்றித்தர வேண்டும். நானும் கூட உட்காருவேன். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கலாம். பெற்றது பெண் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

8. என் மகள் இறந்துவிட்டாள் என்று எழுதிக்கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் பிறக்கவே இல்லை என்கிற இந்த அட்டையை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதிலை எதிர்பார்த்து அலுவலக வாசலிலேயே இருப்பேன்.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: வண்டி கிளம்புவதற்கு முந்தைய புதன்

(கையொப்பம்)
அவளுடைய அம்மா