எல்லார் தலைக்கும் ஒரே புள்ளி

அத்தானுக்கு,

வணக்கம். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனியும் மூடிக்கொண்டிருந்தால் எனக்கும் உங்கள் பெரிய டாக்டருக்கும் வித்தியாசம் இல்லை.

நேற்று நீங்கள் அக்காவை மனச்சோர்வுக்கான சிகிச்சைக்குக் கூட்டிவந்தபோது நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் அறையில்தான் இருந்தேன். "போட்டோக்காரன் இன்னைக்கி லீவுதானே?" என்று நர்ஸிடம் கேட்டுச் சிரித்தீர்கள். மூளைப் படங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு நீங்கள் வைத்த பெயர். இருக்கட்டும்.

சிகிச்சையின்போது அக்கா தலையில் மாட்டும் அந்தத் தொப்பியை முகர்ந்து பார்த்தீர்களா? காலையிலிருந்து வந்த எல்லாருடைய வியர்வையும் அதில்தான். பஞ்சை உப்புத் தண்ணீரில் முக்கி, தொப்பியில் மையால் வைத்த புள்ளிக்குக் கீழே சொருகி மூளைக்கு லேசாகக் கரண்டு விடுகிறார்கள். யார் வந்தாலும் அதே புள்ளி. அக்கா தேறவில்லை என்றதும் டாக்டர், "அவங்க ஒத்துழைக்கலீங்க, கரண்டைக் கூட்டிப் பாப்போம்" என்றார். நீங்களும், "இவ எதுலதான் ஒத்துழைச்சா?" என்றீர்கள். அவள் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட ஆளில்லை.

அத்தான், மூளையில் ஓர் இடத்தைத் தூண்டினால் அது அங்கேயே நிற்காது. அங்கிருந்து இணைப்பு எங்கே போகிறதோ அங்கெல்லாம் போகும். அந்த இணைப்பு ஆளுக்கு ஆள் வேறு. யாரிடமும் கேட்காமல் அக்காவின் ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். மனச்சோர்வோடு தொடர்புள்ள ஆழமான பகுதிக்கு, அந்தப் புள்ளியிலிருந்து அவளுக்கு இணைப்பு மிகவும் மெலிவு. இரண்டு விரல் முன்னால் நகர்த்தினால் நன்றாகவே இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். "ஒவ்வொருத்தருக்கா அளந்துக்கிட்டிருந்தா வாசல்ல நிக்கிற கூட்டத்த யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கரண்டைக் கூட்ட உங்கள் சம்மதம் கேட்பார். கொடுக்காதீர்கள். இணைப்பைப் பார்த்து இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தேறிவிடுவாள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் இன்னொரு முறை தேறாமல் போனால், எல்லாம் தன்னால்தான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். அதற்கப்புறம் அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நீங்கள் ஆபீசுக்குப் போக முடியாது.

அவள் கேட்டால் நீங்களே அலைந்து விசாரித்ததாகச் சொல்லுங்கள். அம்மா செத்த வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் சொன்னது என்று தெரிந்தால் தலையைக் கொடுக்கமாட்டாள். நல்ல பெயரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு எரிகிறது, பரவாயில்லை.

உறைமேல் என் எழுத்தை அடையாளம் கண்டுவிடுவாள் என்று விலாசத்தையும் டைப் அடித்துவிட்டேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள். அவள் நன்றாக இருக்கட்டும். கீழே பெயர் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.