மம்ரேக்கு வந்த மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்த மூவரும்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட சீலை எல்லாம் புழுதி. வாங்க: உள்ளி, கொத்தமல்லி, சமையல் காஸ். வியாழன் மகளுக்கு கிளினிக்.

மகள் சாமினி கலியாணம் முடித்து ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. புது ஜெபக் கூட்டத்து ஊழியக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: மம்ரேயில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்து, கிழவி சாராளுக்குப் பிள்ளை வரம் சொன்னவர் உன் வீட்டுக்கும் வருவார் என்று. சனிக்கிழமை இவர் வருகிறாராம், கூட இரண்டு பேர். ஆக மூன்று. மனிசன் யோசித்துத்தான் ஆள் சேர்த்திருக்கிறார்.

பிள்ளைக்கென்று கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரை விசுவாசத்துக்குத் தடை என்றும் சொன்னாராம். அதுதான் நெஞ்சில் கிடந்து குத்துகிறது. இந்த வருஷம் மருந்தை விடவே கூடாது என்று டொக்டர் சொன்னவர்.

ஜூலை 9, புதன்

எங்கள் சேர்ச் போதகருக்குப் போன்.

"ஆபிரகாமிட்ட வந்தது ஆர் ஐயா?"

வந்த மூவரில் இருவர் சோதோமுக்குப் போனார்கள், நின்று கதைத்தவர் கர்த்தர் என்றார். அது மரியாளிடம் பிறக்க முந்தின குமாரன்தான் என்று நம்மில் கனபேர் சொல்கிறார்களாம். மூவருமே திரித்துவம் என்று சிலர். கடவுளின் சொல்லைக் கொண்டுவந்த தூதர்கள், அவ்வளவுதான் என்று இன்னும் சிலர்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"அது ஆள் பார்த்துத்தான் சொல்லுறது, டீச்சர்."

இவரும் சரியில்லை. சரி, குமாரனே வந்திருக்கட்டும். அந்தக் கதிரையில் இந்த ஊழியக்காரரை இருத்தினது யார்?

ஜூலை 11, வெள்ளி

நேற்று சாமினி தனியாகத்தான் கிளினிக் போனாளாம். போனாளா? அலுமாரியில் மாத்திரை அட்டையைக் காணவில்லை. எறிந்துவிட்டாளோ. கேட்கப் பயம்.

பின்னேரம் மதிலுக்கு அங்கால் றமீசா. நாளைய விருந்துக் கதையைச் சொன்னேன்.

"எங்கட குர்ஆன்ல வந்தவங்க சாப்பிடல்ல டீச்சர். பொரிச்ச கண்டுக்குட்டிய முன்னுக்கு வெச்சும் கை நீட்டல்ல. அதாலதான் இப்றாஹீம் நபிக்குப் பயம் வந்த."

எங்கள் வேதத்தில் சாப்பிட்டார்கள். ஆக, இந்த ஆள் சாப்பிட்டாலும் ஒரு வேதம் கைகொடுக்கும், சாப்பிடாவிட்டாலும் ஒன்று கைகொடுக்கும். நல்ல வசதி.

"இறைச்சிக் கறி நான் அனுப்புறன். திங்கிறாங்களா எண்டு பாருங்க," என்றாள்.

தயிருக்குச் சந்தை வரை போய் வந்தேன்.

ஜூலை 12, சனி

உச்சி வெயிலில் வந்தார்கள். மூவருக்கும் வெள்ளைச் சேட்.

சாப்பிட்டார்கள். நன்றாகவே. ஊழியக்காரர் றமீசாவின் கறியை இரண்டாம் தரமும் போட்டார். கை கழுவிவிட்டுக் கண்ணை மூடினார்.

"வாற வருஷம் இதே காலம், இந்த வீட்டில ஒரு ஆண் பிள்ளை."

குசினிக்குள் சாமினி சிரித்தாள். சத்தமாக.

மனிசனின் முகம் மலர்ந்துவிட்டது. இதற்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

"ஏன் சிரிச்சீங்க, சகோதரி?"

வேதத்தில் சாராளும் இப்படிச் சிரித்து, ஏன் என்று கேட்டபோது பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்று மறுத்தவள். இல்லை, நீ சிரித்தாய் என்று கர்த்தர் சொன்னார். அந்த வசனம் இவர் வாயில் தயாராக நின்றது.

சாமினி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஓம், சிரிச்சன்."

ஊழியக்காரர் எழும்பினார். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்கள்.

கோப்பை கழுவும்போது கேட்டேன், மாத்திரை எங்கே என்று.

"ஹேண்ட்பேக்ல கிடக்கு. நீங்க அலுமாரியக் கிண்டுவீங்க எண்டு தெரியும்."

"பிறகென்னத்துக்கு அவங்கள வர விட்ட நீ?"

"வாறன் எண்டது அவர். சந்தைக்குப் போய் தயிர் வாங்கினது நீங்க, அம்மா."

உண்மைதான். ஆண் பிள்ளை என்று அவர் சொன்னபோது நான் தயிர்ச் சட்டியோடு நின்றேன். அவள் சிரிக்கத் தொடங்க முந்தியே நான் ஆமென் சொல்லிவிட்டேன்.