போல்ட்டா, வெல்டிங்கா

ஆலப்புழை
4.8.2024

அன்புள்ள மீனாவுக்கு,

நான் நலம். நீயும் சரண்யாவும் நலந்தானே? போனில் பேசினால் நான் சொன்னதைச் சொல்லவே இல்லை என்கிறாய், நீ சொன்னதைக் கேட்கவே இல்லை என்று நானும் நிற்கிறேன். கடைசியில் பிள்ளைதான் போனைப் பிடுங்கி அணைக்கிறாள். அதனால் நீ கேட்டபடி எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

உங்கள் மகளிர் குழு மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்த கண்மாயில் ஆகாயத்தாமரை அள்ளத் தெப்பம் கேட்டாயே, அதைப் பற்றி இங்கே படகுப் பட்டறை மேஸ்திரியிடம் விசாரித்தேன். மிதப்பதற்கு நீல ட்ரம் எட்டு போதும். அதன் மேல் வருகிற சட்டத்தில்தான் வேலையே இருக்கிறது. மூங்கில் வைத்தால் கயிறு தளர்ந்துகொண்டே இருக்கும். சவுக்குக் கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். அலுமினியம் நமக்குக் கட்டுப்படியாகாது. மிச்சம் துத்தநாகம் பூசிய இரும்பு, ஜி.ஐ. ஆங்கிள்தான். அதை வெல்டிங்கும் வைக்கலாம், போல்ட்டும் போடலாம்.

போல்ட்தான் சரி. துண்டு துண்டாக இங்கேயே அறுத்து, ஓட்டை போட்டு, லாரியில் அனுப்பிவிடுகிறேன். ஸ்பேனர் இருந்தால் பெண்களே மாட்டிவிடலாம், வெல்டிங்குக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கழற்றி ஏற்றினால் எந்தத் தண்ணீரிலும் மிதக்கும்.

பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடுமுன் தெப்பம் இறங்கிவிட வேண்டும். எனக்கு லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
சோணைமுத்து

*

ஒத்தக்கடை
12.8.2024

சரண்யா அப்பாவுக்கு மீனா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தில் ‘எந்தத் தண்ணீரிலும் மிதக்கும்’ என்ற இடம் வந்ததும் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கண்மாய். வேறு எந்தத் தண்ணீரை மனதில் வைத்து எழுதினீர்கள்? அங்கே படகு வீட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றுகிறீர்களே, அந்தத் தண்ணீரையா?

குழுவில் படித்துக் காட்டினேன். ரெங்கம்மாள் சித்தி, “ஏத்தா, போல்ட்டுன்னா ஒரு ஸ்பேனரு போதும்ல? எவன் வேணாலும் உருவிட்டுப் போயிருவான்” என்றது. எனக்கு எவனோ ஒருவன் நினைவுக்கு வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள். கோபப்படாதீர்கள். போன தீபாவளிக்கு வந்துவிட்டுப் போகும்போது, ரூமில் சட்னி அரைக்க ஆகும் என்று வீட்டு மிக்ஸியையே தூக்கிக்கொண்டு போன ஆள் நீங்கள். திரும்பி வருகிற மனுஷன் மிக்ஸியை ஏன் எடுக்கிறான் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை.

வெல்டிங் வைத்தால் தெப்பம் ஒரே உடம்பாக இந்த ஊரோடு கிடக்கும். முத்திருளன் மச்சான் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கள் யோசனை என்ன? மறைக்காமல் எழுதுங்கள்.

பாண்டிமீனா

*

ஆலப்புழை
21.8.2024

மீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மிக்ஸிப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கூலி வேண்டாம் என்று அவன் ஏன் சொல்கிறான்? இத்தனை வருஷ வேலையில் சும்மா ராடு எரிக்கிற வெல்டரை நான் பார்த்ததில்லை. உன் தாய்மாமன் மகன்தான், உனக்கு முறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ‘மச்சான்’ என்று சேர்க்காமல் வெறும் பெயரை எழுதியிருந்தாலே எனக்குப் புரிந்திருக்காதா? அன்னக்கொடி அக்கா போனில் என்ன சொன்னது தெரியுமா? “அவென் வண்டி நம்ம தெருவுலதான்டா நிக்கிது, எதுக்குன்னு நான் கேக்கல.” அது கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

தொழில் விஷயமாகவும் சொல்கிறேன். ஜி.ஐ. ஆங்கிளில் வெல்டிங் பட்டால் மேல்பூச்சு கருகிவிடும். தண்ணீரில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். துண்டுகளை நேற்றே லாரியில் போட்டுவிட்டேன். ஆரப்பாளையத்தில் லாரி ஆபீசில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். எது எதோடு சேரும் என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். போல்ட்டைத்தான் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சொன்னபடி கேள்.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சோணைமுத்து

*

ஒத்தக்கடை
12.9.2024

சரண்யா அப்பாவுக்கு,

லீவு இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். நீங்கள் எழுதுமுன்பே தெரியும்.

துண்டுகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் ஏன் இப்படிப் பாதி பாதியாக வெட்டினீர்கள்? முழு நீளத்தில் அனுப்பினால் லாரிக்காரன் மாட்டேன் என்றானா? சின்னத் துண்டாக இருந்தால்தானே திரும்ப ஏற்றிக்கொண்டு போக வசதி. இதற்குமேல் எனக்கு யோசனை தேவைப்படவில்லை. போல்ட் போட வேண்டிய இடத்திலெல்லாம் வெல்டிங் வைத்தாயிற்று. ட்ரம் உட்காருகிற தொட்டில், கைப்பிடிக் கம்பி, நிழலுக்கான கூரைக் கால், எதையும் விடவில்லை. ஒட்டு வைத்த இடங்களில் பெயிண்டும் அடித்தாயிற்று. நீங்களே வந்தாலும் இனி கழற்ற முடியாது.

எங்கே வைத்துச் செய்தோம் என்றும் கேட்பீர்கள். கண்மாய்க்கரையில் கரண்ட் இல்லை. ஒத்தக்கடை பட்டறைக்கு நான் தினம் போய் நின்றால் அதற்கொரு பேச்சு வரும். அதனால் நம் வீட்டு முற்றத்தில்தான் வைத்தோம். குழு மொத்தமும் கூட இருந்தது. உங்கள் அக்கா வாசலை விட்டு நகரவே இல்லை. முத்திருளனுக்கு டீ போட்டுக் கொடுத்ததே உங்கள் அக்காதான். அதையும் போனில் சொன்னதா?

கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். மீன்குஞ்சு விடுவதற்குள் தாமரையை அள்ளாவிட்டால் போட்டதெல்லாம் செத்து மிதக்கும், குத்தகையும் கைமாறிவிடும். நாளைக்குத் தெப்பம் இறக்குகிறோம். சரண்யா பூ கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாண்டிமீனா

*

ஒத்தக்கடை
14.9.2024, ஸ்பீட் போஸ்ட்

சரண்யா அப்பாவுக்கு,

தெப்பம் கேட்டைத் தாண்டவில்லை.

நெட்டுக்குத்தாக நிறுத்தினோம், ஒருக்களித்துப் படுக்கப் போட்டோம், எப்படித் திருப்பினாலும் முட்டுகிறது. சுவருக்கு மேலே தூக்கலாம் என்றால் கண்ணாடித் துண்டு பதித்து வைத்திருக்கிறீர்கள், அதற்கும் மேலே கரண்ட் வயர். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கூரைக் கால் தெரிகிறது. ரெங்கம்மாள் சித்தி, “இனி வண்டியூர்த் தெப்பக்குளத்தத்தேன் இங்க கொண்டாந்து வைக்கணும்” என்று விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை பெண்கள் என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

யார் கட்டிய கேட் அது? ஒரு டூவீலர் நுழைகிற அளவுக்கு மேல் ஒரு விரல்கூட விடாமல், மேலே வளைவும் வைத்துக் கட்டிவிட்டுப் போனீர்கள். கள்ளன் பயம் என்றீர்கள். நம் வீட்டில் களவாட என்ன இருந்தது? மிக்ஸியைத்தான் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். யாரைத் தடுக்க அந்தச் சுவர் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் சித்தாள் வேலை பார்த்துச் செங்கல் எடுத்துக் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று அந்தக் கேட்டில் நிற்கும்போதுதான் தோன்றியது. இதற்குள் நுழையட்டும் என்றுதான் பாதி பாதியாக வெட்டினீர்களா? அப்படியானால் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

முத்திருளன் கிரைண்டரை வைத்துக்கொண்டு நிற்கிறார். “வெல்டிங்க வெட்டவா, செவத்த இடிக்கவா? ஒங்க வீட்டுக்காரருட்டக் கேட்டுச் சொல்லு மீனா. நாளப்பின்ன என் தலையில விடியக்கூடாது” என்கிறார். கேட்கிறேன். எதை உடைக்கட்டும்? போனில் கேட்டால் ம் என்பீர்கள். எழுதுங்கள்.

பாண்டிமீனா

*

ஆலப்புழை
18.9.2024

மீனா,

ஆமாம், கேட்டுக்காகத்தான் வெட்டினேன். அதன் அளவு எனக்கு மனப்பாடம். கேட்டைப் பற்றி எழுதினால் நீ சுவரைப் பற்றி எழுதுவாய், பிறகு பேச்சு முத்திருளனில் போய் நிற்கும். அதற்குப் பயந்துதான் எழுதவில்லை. நீ தெப்பத்தையே உள்ளே வைத்து ஒட்டுவாய் என்று கனவா கண்டேன்?

வேறு எந்தத் தண்ணீரும் என் மனதில் இல்லை. ஒவ்வொரு சித்திரைக்கும் நம் கண்மாய் வற்றும். அப்போது கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டாமா? அதைத்தான் நினைத்தேன். எழுதத் தெரியாமல் எழுதிவிட்டேன்.

வெல்டிங்கை வெட்டினால் ஓட்டையெல்லாம் கோணிப்போகும், அந்தச் சட்டம் பிறகு எதற்கும் ஆகாது. சுவரை இடி. கேட் தூணுக்குள் கம்பி போட்டிருக்கிறேன், பார்த்து இடிக்கச் சொல். பிள்ளையைப் பக்கத்தில் விடாதே. முத்திருளன் இடித்தாலும் சரிதான். அவன் பெயர் மேல் இருப்பது பேனா கசிந்த மை. நான் அடித்து எழுதியதாக நினைக்காதே.

சோணைமுத்து

*

ஒத்தக்கடை
29.9.2024

அன்புள்ள சரண்யா அப்பாவுக்கு,

இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டாரே, இதற்குள் என்ன வைத்திருக்கிறார் என்று ஒரு பகல் முழுக்க உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் புத்தி அப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய?

சுவரை நாங்களே கடப்பாரை போட்டு இடித்தோம். முத்திருளனைத் தொட விடவில்லை. உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு செங்கலைத் தொட்டிருந்தால் உங்கள் அக்கா போனுக்கு ஓய்வே இருந்திருக்காது. உங்கள் கை வேலை கெட்டிதான், தூணைச் சாய்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. திட்டிக்கொண்டேதான் இடித்தேன்.

தெப்பம் இறங்கிவிட்டது. முதல் நாளே ஒரு டிராக்டர் தாமரை அள்ளினோம். ஒரு மூலை கொஞ்சம் தாழ்கிறது. போல்ட்டாக இருந்தால் தொட்டிலோடு ட்ரம்மை நகர்த்திச் சரிசெய்யலாமாம், முத்திருளனே சொன்னார். இப்போது முடியாது. அதனால் எதிர்மூலையில் ரெங்கம்மாள் சித்தியை உட்கார வைக்கிறோம், சரியாக இருக்கிறது. இதில் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

வீட்டு முன்னால் இப்போது வெட்டவெளிதான். ஆடு வருகிறது, நாய் வருகிறது, தெருவில் போகிறவர்கள் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். “மொதல்ல கேட்டப் போடு” என்று உங்கள் அக்கா நிற்கிறது. “பெரிய கேட்டா செஞ்சு தாரேன்” என்று முத்திருளன் சொல்கிறார். சரண்யா அப்பா வந்து சொல்லட்டும் என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன்.

கேட் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எம்புட்டு அகலம்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுத வேண்டாம், வந்து சொல்லுங்கள். வரும்போது அந்த மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
மீனா