பச்சைக் கப்புகளுக்கு முன்னால் நின்றவளுக்கு

பெங்களூர் விமான நிலையத்தில் நேற்று என் பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். சோதனை செய்தவர் இறகுப்பந்து ராக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த பல்பொடி டப்பாவைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் தூள். என்ன இது என்று இந்தியில் கேட்டார். மண் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கப்பு செய்கிற மண், ஆடும்போது கை வேர்க்காமல் இருக்கப் பூசிக்கொள்வேன் என்று அரைகுறை இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன் டப்பாதானே அது! கடைசியில் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, போ என்று விட்டுவிட்டார்.

டப்பாவை மூடும்போது அந்த வழவழப்பு என் கையிலும் பட்டது. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. விமானத்தில் என் கால் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார். இதோ, லக்னோவில் விடுதி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டுதான் இதையும் போனில் அடிக்கிறேன்.

விருத்தாசலத்தில் நாம் ஆடப் பழகியது உன் அப்பாவின் செராமிக் பட்டறையில். சூளைக்குப் போகும் முன் பச்சைக் கப்புகள் காற்றுப் படாமல் மெல்லக் காய வேண்டும் என்று கொட்டகையை நாலு பக்கமும் அடைத்து வைத்திருப்பார். காற்றில்லாத இடம் கிடைத்தால் இறகுப்பந்துக்கு வேறென்ன வேண்டும்? வேலை இல்லாத ஞாயிறுகளில் நல்லூரில் பஸ் ஏறி ஓடி வந்துவிடுவேன். எதிர்ப்பக்கம் உன் அண்ணன்கள் இருவரும். நம் பக்கம் முதுகுக்குப் பின்னால் பலகை பலகையாகக் கப்புகள். “ஒரு கப்பு ஒடஞ்சாலும் ரெண்டு கழுதைங்களையும் சூளையில வெச்சு சுட்டுடுவேன்” என்பார் உன் அப்பா.

அதனால்தான் நீ பின்னால் நின்றாய். அங்கே சர்வீஸ் எப்போதும் எனக்குத்தான். ஆனால் முன்னால் நிற்கிற எனக்கு, நீ பலகையை மறைத்து நின்றுவிட்டாயா என்று எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தால் பந்து மண்டையில் விழும். அதற்காக நீ குரல் கொடுக்க ஆரம்பித்தாய்.

“இருக்கேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் என் கை அசையும். பிறகு கடலூர், சென்னை, பெங்களூர் அகாடமி என்று எங்கெங்கோ போனோம். காப்பாற்றக் கப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் நீ அதை விடவில்லை. பெரிய போட்டிகளில் உனக்கும் சர்வீஸ் வருமே, அப்போது நான் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கு எதுக்குடி அதெல்லாம்? நீ நின்னா போதும்” என்று என் தலையில் தட்டினாய். என்ன திமிர் உனக்கு.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்குக் கிளம்பினாய். “போயிட்டு வரேன், கிரிப்பு மாத்தி வை” என்று உன் ராக்கெட்டை என்னிடம் கொடுத்தாய். மாற்றி வைத்தேன். நீதான் வரவில்லை. சாகிற வயதா அது? எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. காய்ச்சல்மேல் கோபப்பட்டு என்ன பயன், அதனால் உன்மேல்தான் படுகிறேன்.

இப்போது என் ஜோடி ஓர் அசாம் பெண். நல்ல உயரம், இடி மாதிரி ஸ்மாஷ், பேச்சு மட்டும் கிடையாது. நான் சர்வீஸ் போட நிற்பேன், பின்னால் சத்தமே இருக்காது. கை மரத்துப்போகும், திரும்பிப் பார்ப்பேன். சர்வீஸைத் தாமதப்படுத்துகிறேன் என்று நடுவர்கள் எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. வரிசையாக நாலைந்து போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றோம். இந்த முறையும் திரும்பிப் பார்த்துத் தோற்றால் ஜோடியைக் கலைத்துவிடுவேன், நீ ஊருக்குக் கிளம்பலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

இன்று முதல் சுற்று. முதல் கேமில் மூன்று தடவை திரும்பினேன், கேம் போனது. இரண்டாவதை அவள் ஸ்மாஷால் பிடித்தோம். மூன்றாவதில் பதினெட்டுக்குப் பதினெட்டு. சர்வீஸ் அவளுக்கு. நான் பின்னால் நின்றேன். அவள் விரலில் பந்து நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. உள்ளங்கையை ஸ்கர்ட்டில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். திரும்பலாமா வேண்டாமா என்று அவள் கழுத்து தவித்தது. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியாதா?

“இருக்கேன்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து அதுவாக வந்தது. அவளுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் தூக்கியிருந்த தோள் இறங்கியது. சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு போனது, புள்ளி நமக்கு. அடுத்தது அவர்களுக்கு. அதற்கடுத்தது மறுபடி நமக்கு. இருபதுக்குப் பத்தொன்பதில் சர்வீஸ் என்னிடம் வந்தது.

நான் திரும்பவில்லை. பின்னால் சத்தம் எதுவும் வரவில்லை, என் கை அதற்குக் காத்திருக்கவும் இல்லை. போட்டேன். பந்து எனக்கு மேலே போன சத்தமும், பின்னால் அவள் அடித்த சத்தமும் கேட்டன. எதிரே பந்து தரையில் கிடந்தது.

சாயங்காலம் அவள் அறைக்கு வந்து, அப்போது என்னவோ சொன்னாயே, என்ன அது என்று கேட்டாள். உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றேன். நாளைக்கு உன் சர்வீஸுக்கு நான் சொல்லட்டுமா என்றாள். சொல்லிக் காட்டவும் செய்தாள், ‘இருகேன்’ என்று பிசகிப் பிசகி.

எனக்கு எதற்கு அதெல்லாம், நீ நின்றால் போதும் என்றேன்.

அவள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. அழுதுவிட்டேன்டி. நாளைக்குக் காலையில் இரண்டாவது சுற்று, பலமான ஜோடி. கால் இன்னும் ஆடுகிறது, தூக்கம் வருகிற வழியைக் காணோம். டப்பாவை எடுத்துப் பையின் மேல்பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவளுக்கும் கை ரொம்ப வேர்க்கிறது.